காலால் அணைக்கும் எதிரொலி

மயிலாப்பூர், சென்னை-4
12 ஜூன் 1972

திரு. அன்வர் பாஷா அவர்களுக்கு,

சுந்தரவல்லி சுயம்புலிங்கம் எழுதுவது. என் மகன் ஜவஹரின் உடல் கூடத்தில் கிடந்த அன்று, பின்பக்கப் படி வழியாக அவனுடைய கிட்டாரை எடுத்துக்கொண்டு போனீர்கள். அவனோடு சிதையில் வைக்கும்படி நான் சொல்லியிருந்த பொருள் அது. நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். கேட்ட பிறகுதான் எடுத்தீர்கள். இனி என் வாசலை மிதிக்கக் கூடாது என்று அன்றே சொல்லியனுப்பினேன். அந்த வார்த்தை இன்றும் நிற்கிறது. நந்தனம் ஒன்றும் தொலைவில் இல்லை என்றாலும் தபால்தலை ஒட்டுவது அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஆம்ப்ளிஃபயர் மாடியறையில் அவன் விட்ட நிலையிலேயே இருக்கிறது. முதுகுப் பலகை கழற்றியபடி, மூன்று கம்பிகள் வெளியே தொங்கியபடி. கடற்காற்றுக்கு உள்ளே பச்சை பூத்துவிடும், அவ்வப்போது சூடேற்ற வேண்டும் என்று அவன் சொல்வான். ஆகவே விளக்கு வைத்தபின் மேலே போய் அதைப் போட்டுவிட்டுச் சற்று உட்கார்ந்திருப்பேன். கிட்டார் செருகாத பெட்டியில் மெல்லிய இரைச்சல் மட்டுமே வரவேண்டும். சித்திரை பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலுக்குள் காலடி கேட்கிறது.

நான் கற்பனை செய்கிறவள் அல்ல. பாளையங்கோட்டை கான்வென்ட்டில் படித்தவள். அங்கே பேய்க்கதை சொன்ன பெண்ணை வெயிலில் முட்டி போட வைப்பார்கள். கேட்டதை மட்டும் எழுதுகிறேன். ஜன்னல் பக்கம் தொடங்கும். அலமாரி வரை வரும். நிற்கும். பிறகு சுவரோரமாகத் திரும்பிப் போகும். எதையோ தேடுகிறவனின் நடை. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. நானும் அசைவதில்லை.

அவன் எதைத் தேடுகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். அவனோடு போயிருக்க வேண்டியது போகவில்லை. கிட்டாரைத் திருப்பி அனுப்புங்கள். என் தம்பி வெள்ளைத்துரை அதைக் கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போய் எரித்துவிட்டு வருவான். என் மகன் அமைதியாகப் போகட்டும்.

சுந்தரவல்லி


நந்தனம், சென்னை-35
16 ஜூன் 1972

மதிப்புக்குரிய அம்மா,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் பிரிக்கத் துணிவில்லை. வேலைக்கு எடுத்துப் போனேன். வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். சாப்பிடவில்லை.

ஆமாம், எடுத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். "எக்கா, அந்தக் கட்டையையும் கூடவே வச்சிருவோம், செத்த நேரத்துல வெந்து போவும்" என்று உங்கள் தம்பி கூடத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. கட்டை! அதன் கழுத்தில் ஜவஹரின் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து விழுந்த வழவழப்பு இருக்கிறது. எங்கள் மார்க்கத்தில் இறந்தவர் யாரோடும் எதையும் அனுப்புவதில்லை, அம்மா. வெறுங்கையோடுதான் போகிறோம். எரிக்கப் போகிறார்கள் என்றதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

இன்னொன்று. அன்று காலை எலியட்ஸ் கடற்கரையில் அவன் தண்ணீரில் இறங்குவதற்கு முன் அதை என் மடியில் வைத்தான். "மணல் படாம வச்சிருடா மச்சி, வந்து வாங்கிக்கறேன்" என்றான். உங்கள் வீட்டுக்கு அவன் உடலோடு அதைக் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தானே.

காலடிக்குக் காரணம் சொல்கிறேன். பெட்டியின் அடியில் ஒரு தகரத் தட்டு இருக்கிறது. அதற்குள் நீளமாக இரண்டு ஸ்பிரிங்குகள். கிட்டாரின் ஒலி அவற்றின் வழியாக ஓடி, கொஞ்சம் பிந்தி மறுபக்கம் வரும். அதுதான் மண்டபத்தில் வாசிப்பது போன்ற எதிரொலி. எது கிட்டார், எது வேறு அதிர்வு என்று ஸ்பிரிங்குக்குத் தெரியாது. உங்கள் மாடியறைத் தளம் மரப்பலகை. தெருவில் பஸ் போனால் பலகை அதிரும், ஸ்பிரிங் ஆடும், ஸ்பீக்கரில் 'தொம்' என்று கேட்கும். அதைக் காலடி என்று நினைத்திருக்கிறீர்கள்.

நினைப்பதில் தவறில்லை. ஆனால் எரிப்பதற்குக் கிட்டாரைத் தர மாட்டேன்.

அன்வர்


மயிலாப்பூர்
20 ஜூன் 1972

திரு. அன்வர் பாஷா அவர்களுக்கு,

பஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசோதித்தேன்.

குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக எங்கள் தெருவைச் சனிக்கிழமை தோண்டிப் போட்டுவிட்டார்கள். கைவண்டிகூட நுழைய முடியாது. சனிக்கிழமையும் நடந்தான். ஞாயிறும் நடந்தான். கீழ் வீட்டு மாவரைக்கும் கல்லையும் நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

சாட்சியும் உண்டு. பாத்திரம் தேய்க்கும் மீனாட்சி காபி கொண்டுவந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். "இன்னாமா, உள்ள யாரோ நடந்துகினு கீறாங்க, நீ ஒண்டியா குந்திகினு கீற?" என்றாள். பஸ் போகிறது என்று உங்கள் விளக்கத்தைச் சொன்னேன். "பஸ்ஸு வந்து அலமாரியாண்ட நின்னு, காலத் தட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் காபியைத் தரையில் வைத்துப் போய்விட்டாள். அவளிடம் இவ்வளவு தர்க்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

கால் தட்டுவதைப் போன கடிதத்தில் நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அவன் ஏதாவது யோசிக்கும்போது வலது குதிகாலை மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருப்பான். சாப்பிட உட்கார்ந்தால் மேஜை ஆடும். எத்தனை தடவை கண்டித்திருப்பேன்! அலமாரி முன்னால் வந்து நின்றதும் அந்தத் தட்டல்தான் கேட்கிறது. கிட்டாரை அந்த அலமாரியில்தான் வைத்திருந்தான்.

உங்கள் ஸ்பிரிங்குக்கு என் மகனின் குதிகால் எப்படித் தெரியும்?

தொங்கிக்கொண்டிருக்கும் மூன்று கம்பிகள் எதற்கு என்றும் எழுதவும். என் வீட்டில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும்.

சுந்தரவல்லி


நந்தனம்
27 ஜூன் 1972

மதிப்புக்குரிய அம்மா,

பதில் எழுதத் தாமதமாயிற்று. குதிகால் விஷயத்தைப் படித்தபின் இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

கம்பிகளைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம். முதலில் செய்தபோது பெட்டிக்கு ஒரே ஒரு கால் சுவிட்சுதான் இருந்தது. அதை மிதித்தால் ஒலி நடுங்கும், இன்னொரு முறை மிதித்தால் நிற்கும். மற்றதற்கெல்லாம் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து குமிழைத் திருக வேண்டும். "கை ரெண்டும் கம்பில இருக்கு, கால் சும்மாதானே கீது, அதுக்கும் வேலை குடுப்போம்" என்றான். அதனால் பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு, மூன்று பட்டன் உள்ள ஒரு கால் பெட்டி செய்யத் தொடங்கினோம். உள்வேலை முழுவதையும் அவனே முடித்தான். கம்பிகளை வெளியே இழுத்து விட்டான். அவற்றைச் சேர்க்க வேண்டிய சாக்கெட்டையும் பின்பக்கம் பொருத்தினான். அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையிலிருந்து திரும்பியதும் பற்றவைப்பதாக இருந்தோம்.

முதல் பட்டன் எதிரொலிக்கு. இரண்டாவது நடுக்கத்துக்கு. மூன்றும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். மிதித்தால் கம்பி தரையோடு, அதாவது மின்சாரக்காரர்கள் 'எர்த்' என்பதோடு, சேரும். அந்த ஒலி நமக்கு வராமல் தரைக்குள் போய்விடும். கம்பி சேராமல் தொங்கும்வரை எல்லாம் திறந்தே கிடக்கும். உங்கள் பெட்டி இப்போது அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாவது உங்களுக்காக. சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்கிறேன். விளக்கேற்றும் நேரத்தில் பாட்டுச் சத்தம் கூடாது என்பது உங்கள் வீட்டு விதி. பெட்டியை அணைத்தால் உள்ளிருக்கும் கண்ணாடி வால்வு ஆறிப்போய்த் திரும்பச் சூடேற நேரமாகும். "எங்கம்மா தீப்பெட்டி உரசற சத்தம் கேட்டதும் காலால ஒரே மிதி, மொத்தமும் கப்சிப். சாமி கும்புட்டு முடிச்சதும் இன்னொரு மிதி. எப்படி?" என்று கேட்டான். அதுதான் மூன்றாவது பட்டன்.

ஒரு யோசனை. கால் பெட்டியை நான் செய்து முடிக்கிறேன். காலடி கேட்கும்போது முதல் பட்டனை மிதியுங்கள். ஸ்பிரிங்கின் வேலை என்றால் அந்தக் கணமே நிற்கும். நின்றால் கிட்டாரை எரிக்கும் பேச்சை விட்டுவிடுங்கள். நிற்காவிட்டால் நானே கொண்டுவந்து தருகிறேன். சாக்கெட்டில் பற்றவைக்க ஒரே ஒரு முறை உள்ளே வர அனுமதி வேண்டும்.

அன்வர்


மயிலாப்பூர்
1 ஜூலை 1972

திரு. அன்வர் பாஷா அவர்களுக்கு,

நிபந்தனைக்குச் சம்மதம். நின்றால் கிட்டார் உங்களுடையது, நான் வாயைத் திறக்க மாட்டேன். நிற்காவிட்டால் எரிப்பேன்.

அனுமதி இல்லை. மூன்று கம்பிகளைப் பற்றவைப்பதற்காக என் வார்த்தையை நான் மாற்றிக்கொள்வதற்கில்லை. எப்படிச் செய்வது என்று எழுதுங்கள். நானே செய்கிறேன். கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் கோர்க்கிறேன், இன்னும் யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. ஜவஹரின் சாமான்களெல்லாம் இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன.

மூன்றாவது பட்டனைப் பற்றி நீங்கள் எழுதியிருக்க வேண்டியதில்லை. எழுதியது நல்லதுதான்.

சுந்தரவல்லி


நந்தனம்
8 ஜூலை 1972

மதிப்புக்குரிய அம்மா,

வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அவனும் அப்படித்தான். ஆகையால் இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

பெட்டியின் இடது பக்கம் மருந்துக் குப்பி அளவில் வெள்ளி நிற உருளைகள் இருக்கும். கண்டென்சர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் மின்சாரம் பதுங்கியிருக்கும். தொட்டால் தூக்கி எறியும். மூன்று நாள் பிளக் போடாமல் வையுங்கள். அதன் பிறகும் கையைப் பெட்டிக்குள் விட வேண்டாம். கம்பிகளும் சாக்கெட்டும் வெளிப்பக்கமே இருப்பதால் அவசியம் இல்லை. வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலில் எல்லோரும் செய்வது இது. தப்பித்தவறி ஷாக் அடித்தாலும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் பாயாது.

முதலில் பற்றவைக்கும் இரும்பால் சாக்கெட்டின் பின்னை, அந்தச் சிறு உலோக ஊசியை, சூடாக்குங்கள். ஈயத்தை இரும்பில் வைக்காமல் பின்னில் வையுங்கள். அது தானாக உருகி ஓடும். ஊத வேண்டாம். ஆறும்வரை கம்பியை அசைக்க வேண்டாம். பளபளப்பாக இருந்தால் நல்ல பற்று. சாம்பல் பூத்தால் மறுபடி செய்ய வேண்டும். சிவப்புக் கம்பி எதிரொலி, மஞ்சள் நடுக்கம், பச்சை மூன்றாவது. சாக்கெட்டைச் சுற்றி அவனே புள்ளி வைத்து நிறம் குறித்திருக்கிறான்.

கால் பெட்டி தனியாகப் பார்சலில் வருகிறது. தகரம் மடித்தது கொஞ்சம் கோணல். உங்களுக்குப் பிடிக்காது. மன்னிக்கவும்.

அன்வர்


மயிலாப்பூர்
22 ஜூலை 1972

அன்வர்,

வேலை முடிந்தது. கோணல்தான். ஓரம் அரம் படாமல் விரலைக் கிழிக்கிறது. நானே உப்புத்தாள் போட்டேன்.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டி நிற்கும் தண்டனையைக் கான்வென்ட்டில் நிறைய அனுபவித்தவள். அது சுலபமாக வந்தது. மற்றது வரவில்லை. முதல் நாள் பற்றெல்லாம் சாம்பல் பூத்தது. பச்சைக் கம்பியின் தோல் உருகி அறை முழுக்க நாற்றம். மீனாட்சி வாளி நிறையத் தண்ணீரோடு மேலே ஓடிவந்தாள். "இந்த வயசுல ரேடியோ கடை வைக்கப் போறியா?" என்று கேட்டாள். மறுநாள் ஊதாமல், அசைக்காமல், உன் கடிதத்தை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு செய்தேன். மூன்றும் பளபளக்கின்றன. யாரும் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டுப் பெட்டியைப் போட்டேன். கால் பெட்டியை நாற்காலிக்கு அடியில் வைத்தேன். வால்வுகள் சிவந்தன, இரைச்சல் வந்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை. இத்தனை நாள் பெட்டியைப் போடாமல் இருந்ததால் கோபமோ என்று நினைத்தேன். பிறகு ஜன்னல் பக்கம் தொடங்கினான்.

அலமாரி வரை வந்தான். நின்றான். வழக்கமாக அங்கிருந்து திரும்பிவிடுவான். அன்று திரும்பவில்லை. என் பக்கமாக வந்தான். ஒவ்வொரு அடியாக. நாற்காலியின் முன்னால் வந்து நின்றான். குதிகாலைத் தட்டவில்லை. அம்மா என்று கூப்பிடுவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா நிற்பானே, அப்படி நின்றான்.

நான் முதல் பட்டனை மிதித்தேன்.

நின்றுவிட்டது, அன்வர். விளக்கை ஊதியணைத்தது போல. இரைச்சல் மட்டும் இருந்தது, எந்த ஆழமும் இல்லாமல், தகரத்தில் மழை பெய்வது மாதிரி. நிபந்தனைப்படி நான் தோற்றேன். கிட்டார் உன்னுடையது. இனி கேட்க மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றபோது நான் அவன் முகத்தில் கதவைச் சாத்தினேன். பரிசோதனைக்காக.

சுந்தரவல்லி


நந்தனம்
26 ஜூலை 1972

அன்புள்ள அம்மா,

நீங்கள் 'நீ' என்று எழுதியதைத்தான் முதலில் படித்தேன். மற்றதை அதற்குப் பிறகு.

நின்றதே, அதுதான் உண்மை. ஸ்பிரிங்கை அடைத்ததும் நின்றது என்றால் அது ஸ்பிரிங்கில்தான் இருந்தது. பழைய வீடு, பழைய பலகை. சாயங்காலத்தில் வெயில் இறங்கியதும் மரம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பலகையாக. கேட்பவர் காதில் அது நடை ஆகிவிடும். பெட்டியின் அடியில் நான்கு ரப்பர் துண்டு வைத்தால் பட்டனே தேவையில்லை. என்றைக்கும் கேட்காது.

கதவு என்றெல்லாம் நினைக்காதீர்கள். சூடாகப் பால் குடித்துவிட்டுத் தூங்குங்கள். கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டப் போகிறேன். நவம்பரிலிருந்து அது கம்பியில்லாமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அன்வர்


மயிலாப்பூர்
4 செப்டம்பர் 1972

அன்வர்,

பால் எனக்குச் சேராது.

ரப்பர் வைக்க மாட்டேன். அன்று மிதித்த பட்டனை அடுத்த நிமிடமே இன்னொரு முறை மிதித்துத் திறந்துவிட்டேன். அன்றிலிருந்து திறந்தேதான் இருக்கிறது. ஸ்பிரிங்கும் வேலை செய்கிறது. பலகையில் என் கைத்தடியைத் தட்டினால் பெட்டியில் இடி மாதிரி கேட்கிறது. தெருவை மூடிவிட்டார்கள், பஸ் போகிறது, அதுவும் கேட்கிறது. பஸ் சத்தம் பஸ் மாதிரிதான் இருக்கிறது என்று உனக்குத் தெரிவிக்கிறேன். வெயில் தினமும் இறங்குகிறது, மரம் தினமும் சுருங்குகிறது.

அவன் வரவில்லை.

ஆடி போயிற்று, ஆவணியும் போகிறது. நான் விளக்கு வைத்ததும் மேலே போய் உட்காருகிறேன். வெள்ளைத்துரை தியாகராய நகர்க் கடையை மூடிவிட்டு வரும்போதும் அங்கேயேதான் இருக்கிறேன். "எக்கா, கீழ வந்து ரெண்டு வாய் சாப்பிடு, அந்த டப்பா எங்கயும் ஓடிராது" என்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

எங்கே போயிருப்பான்? நீ படித்தவன், காரணம் சொல்லு.

சுந்தரவல்லி


நந்தனம்
19 அக்டோபர் 1972

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். என் தங்கை நஸ்ருன்னிசா நேற்று அழுததால் எழுதுகிறேன்.

ஜூலைக் கடைசியில் கிட்டாருக்குக் கம்பி மாட்டினேன். வாசிக்கவில்லை. சுருதி சேர்த்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். அதற்கு அடுத்த வாரம் நஸ்ருன்னிசா, "பாய்ஜான், உங்க ரூம்ல ஃப்ரெண்டு யாராச்சும் வந்திருக்காங்களா? டீ போடட்டுமா?" என்று கேட்டாள். நான் அப்போதுதான் வேலை விட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

தரையில் குதிகாலைத் தட்டும் சத்தம், அம்மா. கிட்டாருக்கு முன்னால். எனக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன். எங்கள் வீடு சிமெண்டுத் தரை. மரப்பலகை இல்லை. என் அறையில் ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஸ்பிரிங் இல்லை. மிதிக்க ஒரு பட்டனும் இல்லை. உங்களுக்கு எழுதிய காரணங்களையெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒன்றுகூட இங்கே பொருந்தவில்லை.

நடப்பதில்லை. தேடுவதுமில்லை. நிற்கிறான். வாங்கிக்கொள்ள வந்தவன் கதவருகே காத்திருப்பது மாதிரி. கையில் எடுக்க முடியாமல் நிற்கிறான் என்று நினைக்கிறேன். நேற்று நஸ்ருன்னிசா கிட்டாரைத் துடைக்கப் போனாள். கம்பிகள் தாமாக ஒலித்தன என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். எங்கள் உம்மா இன்னும் அந்த அறைப் பக்கம் வரவில்லை.

நீங்கள் முதலில் சொன்னதே சரி, அம்மா. நான் அன்று எடுத்திருக்கக் கூடாது. எரித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணாம்பேட்டைக்கு நானே எடுத்துப் போகிறேன். உங்கள் தம்பியை அனுப்புங்கள், அல்லது நான் தனியாகச் செய்கிறேன். அவன் போகட்டும்.

அன்வர்


மயிலாப்பூர்
21 அக்டோபர் 1972

அன்வர்,

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று மீனாட்சியிடமே கொடுத்தனுப்புகிறேன்.

எரிக்காதே. ஒரு கம்பிகூடக் கருகக் கூடாது.

என் மகன் உன் வீட்டில் என்ன செய்கிறான்? பிறந்த வீடு இங்கே இருக்கிறது. அவன் அறை இருக்கிறது, அவன் அலமாரி திறந்து கிடக்கிறது. தாய் காத்துக்கொண்டிருக்கிறேன். சிமெண்டுத் தரையில், முன்பின் தெரியாத பெண்ணைப் பயமுறுத்திக்கொண்டு அவன் அங்கே நிற்பது எனக்குச் சம்மதமில்லை.

எரித்துவிடு என்று கேட்டவள் நான்தான். மறக்கவில்லை. அவன் அமைதியாகப் போகட்டும் என்று எழுதினேன். அப்போது அவன் தினமும் வந்துகொண்டிருந்தான். வருகிறவனைப் போ என்று சொல்வது சுலபம். வராமல் போன பிறகுதான் தெரிகிறது. எனக்கு அவன் அமைதி வேண்டாம், அன்வர். இதைப் பாவம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் பட்டனின் சிவப்புக் கம்பியை இன்று கத்தரித்துவிட்டேன். இனி யார் எத்தனை முறை மிதித்தாலும் எதிரொலி அடைபடாது.

கிட்டாரை மீனாட்சியிடம் கொடுத்தனுப்பு. அவள் பயப்பட்டால் நீயே கொண்டுவந்து கேட்டில் கொடு.

சுந்தரவல்லி


நந்தனம்
30 அக்டோபர் 1972

அன்புள்ள அம்மா,

மீனாட்சி கையில் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் நானே கொண்டுவந்தேன். உங்கள் கேட்டில் அவள் முந்தானையால் பிடித்து வாங்கினாள். "நைனா, இத்த கொண்டாந்தியே, அவர வுட்டுட்டு வந்தியா, கூட்டிகினு வந்தியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். நீங்கள் மாடி ஜன்னலில் நின்றது தெரிந்தது. நான் கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன்.

இங்கே அன்றிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நஸ்ருன்னிசா என் அறையில் உட்கார்ந்து தைக்கிறாள். உம்மா வந்து படுக்கை உதறினார்.

உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டானா? ஒரு வரி எழுதினால் போதும்.

அன்வர்


மயிலாப்பூர்
13 நவம்பர் 1972

அன்புள்ள அன்வர்,

ஒரு வரி போதாது.

கிட்டாரை அலமாரி முன்னால், அவன் நிற்கும் இடத்தில் சாய்த்து வைத்தேன். விளக்கு வைத்தேன். பெட்டியைப் போட்டேன். முதல் நாள் மழை, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மழை விட்டதும் வந்தான். ஜன்னலிலிருந்து நேராக அலமாரிக்கு நடந்தான். தேடவில்லை. நின்றான். குதிகாலையும் தட்டவில்லை. ஆறு கம்பிகளும் ஒன்றாக ஒரு முறை ஒலித்தன, விரல் பட்டுப் பரவியது போல. அந்த எதிரொலி ஸ்பிரிங்கில் ஓடி ஓடித் தேய்ந்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தான். என் நாற்காலிப் பக்கம் வரவில்லை. மாடிப்படிப் பக்கம் போனான். படிகளில் இறங்கிய சத்தத்தைப் பெட்டி கொஞ்ச தூரம் வரை கேட்டுச் சொன்னது. பிறகு இல்லை. அன்றிலிருந்து இல்லை. உன் வீட்டிலும் இல்லை என்கிறாய். இனி எங்கும் இருக்க மாட்டான்.

வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். நெருப்பு எதுவும் தேவைப்படவில்லை. அவன் தேடுவது கிட்டாரைத்தான் என்று ஜூன் மாதமே எழுதினேன். சரியாகச் சொன்னேன். நான் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அது எனக்கு எந்த உதவியும் செய்ததில்லை. இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கிட்டாரை வரவழைத்தேன். என் கையாலேயே எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கிட்டார் இருக்கிறது. பெட்டியும் இருக்கிறது. கத்தரித்த சிவப்புக் கம்பியை நீ சேர்த்தாலும் சரி, விட்டாலும் சரி. மாலையில் மேலே உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியில் இரைச்சல் மட்டும் வருகிறது. இவ்வளவு சத்தமில்லாத வீட்டில் நான் இருந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. கேட் திறந்திருக்கும். பின்படி வழியாக வேண்டாம், வாசல் வழியாகவே வா. விளக்கு வைத்தபின் வந்தால் நான் மேலேதான் இருப்பேன், பெட்டியைப் போட்டிருப்பேன். செருப்பைக் கழற்ற வேண்டாம். அந்தப் பலகையில் நன்றாக ஊன்றி நட.

சுந்தரவல்லி